சென்னை – சிங்கப்பூர்: ரெண்டே கிலோமீட்டர் வித்தியாசம், எனக்கு நஷ்டம் 7,680 ரூபாய்



"சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?" என்று கூகுள்ல தட்டினா அரை செகண்ட்ல பதில் வந்துடும். சுமார் 2,925 கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. நானும் அப்படித்தான் தட்டினேன், டிக்கெட் போட்டேன். அந்த டிக்கெட் எனக்கு என்ன செலவு வச்சதுன்னு இந்தப் பதிவுல கணக்கோட சொல்றேன். நம்ம சேனல்ல சிங்கப்பூர் பட்ஜெட் வீடியோ போட்டப்போ இதை மட்டும் சொல்லாம விட்டேன். சொல்லக் கொஞ்சம் வெட்கமா இருந்தது, அவ்வளவுதான்.

முதல்ல தூரத்தைப் பார்த்துடலாம், ஏன்னா கதையே அங்கதான் ஆரம்பிக்குது.

மீனம்பாக்கத்துலேருந்து சாங்கிக்கு உலக உருண்டை மேல ஒரு நூல் பிடிச்சு இழுத்தா, அது வங்கக்கடலைக் குறுக்கா வெட்டிக்கிட்டு, கிரேட் நிகோபார் தீவோட தெற்கு முனைக்குப் பக்கத்துல போகும். இந்தியாவோட தென்கோடியான இந்திரா முனை அங்கதான் இருக்கு. கன்னியாகுமரின்னு சொல்லி ஸ்கூல்ல மார்க் வாங்கினவங்க மன்னிக்கணும், அது நிலப்பரப்போட தென்கோடி. அதுக்கு அப்புறம் சுமத்ராவோட வடக்கு நுனியை உரசினாப்ல போய் மலாக்கா நீரிணை மேலேயே இறங்கி சிங்கப்பூர். விமானம் அச்சு அசலா இந்தக் கோட்டுலயே போகாது. அதுக்குன்னு வகுத்த வான்வழிகள் இருக்கு, கொஞ்சம் வளையும். ஆனா தூரக் கணக்குக்கு இந்தக் கோடுதான் அளவு.

இந்தக் கோட்டுல ஒரு வேடிக்கை. கோலாலம்பூர் விமான நிலையம், அதாவது செப்பாங்ல இருக்கிற கேஎல்ஐஏ, கோட்டை விட்டு இருபது இருபத்தஞ்சு கிலோமீட்டர்தான் தள்ளி இருக்கு. சென்னை – கோலாலம்பூர் சுமார் 2,630 கிலோமீட்டர், அங்கேருந்து சிங்கப்பூர் சுமார் 297. கூட்டினா 2,927. நேரா போனா 2,925. கோலாலம்பூர் வழியா போனா நீங்க கூடுதலா பறக்கிற தூரம் ரெண்டு கிலோமீட்டர். சென்னை ஆட்டோவுல மினிமம் சார்ஜ் தூரத்தைக் கொஞ்சம் தாண்டினா முடிஞ்சிடும். கொழும்பு வழியா போனா இப்படி இல்ல. முதல்ல 647 கிலோமீட்டர் தெற்கே இறங்கி, அப்புறம் 2,750 கிழக்கே போகணும். கிட்டத்தட்ட 470 கிலோமீட்டர் சுத்து.

"ரெண்டு கிலோமீட்டர்தானே, போற வழிதானே, நடுவுல ஒரு காபி குடிச்சுட்டுப் போனா என்ன?" இதுதான் அன்னைக்கு என் மண்டைக்குள்ள ஓடின லாஜிக்.

விஷயம் இதுதான். எங்க அக்கா சிங்கப்பூர்ல இருக்கா. அவ பொண்ணுக்குப் பதினோராம் மாசம். காது குத்தணும். ஊருக்கு வந்து செய்ய அத்தானுக்கு லீவு கிடைக்கலை. அதனால அங்கேயே, சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு கோயில்ல, ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு மேல பன்னிரண்டுக்குள்ள நேரம் குறிச்சாங்க. காதுகுத்துன்னா தாய்மாமன் மடி வேணும். அந்தக் குழந்தைக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் நான். "நீ வந்தாதான்டா குத்துவோம், டிக்கெட்டைப் போடு"ன்னு அக்கா ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லிட்டா. ரெண்டு கிராம்ல ஒரு ஜோடி தோடு வாங்கி நானும் தயாரா இருந்தேன்.

டிக்கெட் பார்த்த அன்னைக்கு எனக்குக் காட்டின விலை இது. நேரடி விமானம், போக வர 24,300 ரூபாய், செக்-இன் லக்கேஜ் சேர்த்து. கோலாலம்பூர் வழியா ரெண்டு தனித்தனி டிக்கெட்டா போட்டா போக வர 17,400. வித்தியாசம் 6,900! அப்புறம் பார்த்தா அந்தக் குட்டி செக்டருக்கு லக்கேஜ் தனிக்காசு, ஒரு தடவைக்கு 1,500. போக வர 3,000. ஆக 20,400. உண்மையான மிச்சம் 3,900.

இந்த இடத்துல நிறுத்திட்டு, நேரத்தைக் கணக்குப் பண்ணேன். நானும் உங்களை மாதிரி மாசச் சம்பளக்காரன்தான். ஒவ்வொரு வீடியோவுலயும் நான் சொல்ற கணக்கு உங்களுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும், கைக்கு வர்ற சம்பளத்தை வேலை மணி நேரத்தால வகுத்துப் பாருங்கன்னு. அதையே செஞ்சேன்.

ஆனா பயண நேரம்னா எது? இங்கதான் பல பேர் வழுக்குறாங்க.

டிக்கெட்டுல போட்டிருக்கிற நேரம், விமானம் ஒரு கேட்டை விட்டு நகர்றதுலேருந்து இன்னொரு கேட்டுல போய் நிக்கிற வரைக்கும். பறக்கிற நேரம் மட்டும் இல்ல. மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்துல 2,925 கிலோமீட்டரைக் கடக்க மூணு மணி இருபத்தாறு நிமிஷம்தான் ஆகணும். டிக்கெட்டுல நாலு மணி பத்து நிமிஷம் போட்டிருந்தது. மிச்ச முக்கால் மணி நேரம், ஓடுபாதைக்கு ஊர்ந்து போறது, வரிசையில நிக்கிறது, மெதுவா மேல ஏறுறது, மெதுவா கீழ இறங்குறதுன்னு போயிடும். கோலாலம்பூர் – சிங்கப்பூர் 297 கிலோமீட்டரைப் பாருங்க. 850 வேகத்துல இருபத்தோரு நிமிஷம். டிக்கெட்டுல ஒரு மணி பத்து நிமிஷம்! அங்கேயும் அதே முக்கால் மணிக்குக் கொஞ்சம் மேலதான் கூடுதல். லோன் ப்ராசஸிங் ஃபீஸ் மாதிரி. பத்து லட்சம் வாங்கினாலும் ஐயாயிரம், ஐம்பதாயிரம் வாங்கினாலும் ஐயாயிரம்னா, சின்ன லோன்காரனுக்குத்தான் அடி. ஒரு பயணத்தை ரெண்டா வெட்டினா இந்த ஃபீஸை ரெண்டு தடவை கட்டணும். கிலோமீட்டர் கூடாது, நிமிஷம் கூடும்.

காத்தும் ஒரு காரணம். ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் தென்னிந்தியாவுக்கு மேல, ரொம்ப உயரத்துல, கிழக்கேருந்து மேற்கே ஒரு பலமான காத்தோட்டம் ஓடும். வானிலை விஞ்ஞானி பி. கோட்டீஸ்வரம் 1950களிலேயே இதை ஆராய்ஞ்சு எழுதியிருக்கார். சிங்கப்பூர் போறப்போ அது எதிர்க்காத்து, திரும்பி வரும்போது தள்ளிவிடுற காத்து. ஆனா இதெல்லாம் சில நிமிஷ விவகாரம், இதுக்காக டிக்கெட் மாத்த வேண்டாம்.

அடுத்தது கடிகாரம். சிங்கப்பூர் நம்மளை விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. டிக்கெட்டுல அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். ராத்திரி 11.30-க்குக் கிளம்பி காலை 6.10-க்கு இறங்கும்னு பார்த்துட்டு, "அப்பாடா, ஆறே முக்கால் மணி நேரம் தூங்கலாம்"னு நினைக்காதீங்க. நாலு மணி பத்து நிமிஷம்தான், அதுலயும் சாப்பாடு, அறிவிப்பு எல்லாம் போக ரெண்டரை மணி தூக்கம் கிடைச்சா அதிர்ஷ்டம். திரும்பி வரும்போது ராத்திரி 8 மணிக்குக் கிளம்பினா 9.40-க்குச் சென்னை. ஒண்ணே முக்கால் மணி நேரத்துல வந்த மாதிரி இருக்கும். அதனால திரும்புறப்போ சாயங்கால விமானம் எடுத்தா மறுநாள் ஆஃபீஸ் போயிடலாம், ஒரு லீவு மிச்சம்.

இந்த ரெண்டரை மணி நேரமே ஒரு விதத்துல செயற்கைதான். சூரியனை வச்சுப் பார்த்தா சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். 1982 ஜனவரி 1 முதல் மலேசியாவோட சேர்ந்து சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சுக்கிச்சு. அதுக்கு முன்னாடி வித்தியாசம் ரெண்டு மணி நேரம்தான். சிங்கப்பூர்ல காலை ஏழு மணிக்குத்தான் வெளிச்சம் வருதேன்னு ஆச்சரியப்படுறவங்களுக்குக் காரணம் இதுதான்.

சரி, வீட்டு வாசல்லேருந்து கணக்கு. நேரடி விமானம்னா, பெருங்குடியில ராத்திரி 7.45-க்குக் கிளம்பணும். வெளிநாட்டு விமானத்துக்கு மூணு மணி நேரம் முன்னாடி இருக்கணும். 11.30 விமானம், 6.10-க்குச் சாங்கி. இமிக்ரேஷன், லக்கேஜ் முடிஞ்சு ஏழு. எம்ஆர்டி ஏறி எக்ஸ்போவுல டவுன்டவுன் லைனுக்கு மாறினா நேரா லிட்டில் இந்தியா, எட்டு மணி. வாசலுக்கு வாசல் ஒன்பதே முக்கால் மணி நேரம். விமானத்துக்குள்ள இருக்கிறது அதுல பாதி கூட இல்ல. 2,925 கிலோமீட்டரை ஒன்பதே முக்காலால வகுத்தா மணிக்கு 300 கிலோமீட்டர். ஜெட்டுல போறதா நினைச்சுக்கிட்டு நாம உண்மையில போறது புல்லட் ட்ரெயின் வேகத்துல.

கோலாலம்பூர் வழியா என் திட்டம் இப்படி. வீட்டுலேருந்து 7.30. சென்னையில 11.15-க்கு விமானம், காலை 5.45-க்குக் கோலாலம்பூர், 7.50-க்கு அடுத்தது, 9.00-க்குச் சிங்கப்பூர், 10.30-க்குக் கோயில். பன்னிரண்டரை மணி நேரம். போகும்போது ரெண்டே முக்கால் மணி நேரம் கூடுதல். வரும்போது கோலாலம்பூர்ல நீண்ட காத்திருப்பு, நாலேகால் மணி நேரம் கூடுதல். மொத்தம் ஏழு மணி நேரம். மிச்சம் 3,900 ரூபாய். ஒரு மணி நேரத்துக்கு 557 ரூபாய்.

அப்போ என் கைக்கு வந்த சம்பளம் 45,000. மாசம் 22 நாள், ஒரு நாளைக்கு 9 மணி நேரம், மொத்தம் 198 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 227 ரூபாய். ஏர்போர்ட்ல உட்கார்ந்து மொபைல் பார்க்கிறதுக்கு 557 ரூபாய் கிடைக்குதுன்னா, ஆஃபீஸ்ல சம்பாதிக்கிறதை விட ரெண்டு மடங்குக்கு மேல! கணக்கு ரொம்பத் தெளிவா "போடு"ன்னு சொல்லிச்சு. போட்டுட்டேன். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நண்பர்கள் க்ரூப்ல போட்டுப் பெருமையும் பட்டுக்கிட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி சென்னையில விமானம் ஐம்பது நிமிஷம் தாமதம். காரணம் என்னவோ சொன்னாங்க. ஐம்பது நிமிஷம் தாமதம்ங்கிறது விமானப் பயணத்துல பெரிய விஷயமே இல்ல, பக்கத்து சீட்டுக்காரர் குறட்டை விட்டுத் தூங்கினார். நான் வாட்சைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். கோலாலம்பூர்ல நிக்கும்போது 6.35.

இப்போ கவனிங்க. ஒரே டிக்கெட், ஒரே பிஎன்ஆர்னா, நான் நேரா அடுத்த கேட்டுக்குப் போயிருப்பேன். லக்கேஜ் தானா அடுத்த விமானத்துக்கு மாறியிருக்கும். என்னோடது ரெண்டு தனி டிக்கெட். முதல் டிக்கெட்டைப் பொறுத்தவரைக்கும் நான் கோலாலம்பூருக்கு வந்த ஆள். சிங்கப்பூர் போறது என் சொந்த விவகாரம். அதனால மலேசியாவுக்குள்ள இமிக்ரேஷன் முடிச்சு நுழையணும், பெட்டியை எடுக்கணும், மறுபடி செக்-இன் கவுன்டருக்குப் போய்ப் போடணும், மறுபடி இமிக்ரேஷன், மறுபடி செக்யூரிட்டி. 7.50 விமானத்துக்குக் கவுன்டர் மூடுற நேரம் ஒரு மணி நேரம் முன்னாடி, 6.50. நான் இறங்கினதுக்கும் அதுக்கும் நடுவுல பதினஞ்சு நிமிஷம். இமிக்ரேஷன் வரிசையை முடிக்கும்போதே 7.10. பெட்டி கைக்கு வந்தப்போ 7.25. உள்ளே அம்மா குடுத்துவிட்ட முறுக்கு டின், பட்டுப் பாவாடை, மஞ்சள், குங்குமம். தோடு மட்டும் என் சட்டைப் பையில.

கவுன்டர்ல இருந்த பொண்ணு மரியாதையாத்தான் பேசினாங்க. க்ளோஸ் ஆயிடுச்சு சார், அடுத்த விமானத்துக்குப் புதுசா டிக்கெட் எடுக்கணும். முதல் விமான நிறுவனத்துக்கிட்ட போனேன். உங்களைக் கோலாலம்பூர் கொண்டுவந்து விட்டாச்சே சார். ரெண்டு பேரும் சொன்னது சரிதான். சண்டை போடக்கூட ஒண்ணுமில்ல.

10.40 விமானத்துல சீட் இருந்தது. லக்கேஜோட 9,200 ரூபாய். ஒரு மணி பத்து நிமிஷப் பயணத்துக்கு! கிரெடிட் கார்டுல தேய்ச்சேன். ரிங்கிட்ல போன பணம், அதனால 3.5 சதவீத ஃபாரெக்ஸ் மார்க்-அப், அதுக்கு மேல ஜிஎஸ்டி, சேர்த்து 380. (மெஷின்ல "ரூபாயில கட்டுறீங்களா"ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க. அந்த மாற்று விகிதம் பொதுவா இதை விட மோசமா இருக்கும்.) சாங்கியில 11.50-க்கு இறங்கி, எம்ஆர்டி எல்லாம் யோசிக்காம டாக்சி. அது ஒரு 2,000. கோயில் வாசல்ல இறங்கும்போது மணி ஒண்ணு.

பதினொன்றே முக்கால் வரைக்கும் பார்த்திருக்காங்க. பன்னிரண்டு தாண்டினா எமகண்டம். அதுக்கு மேல முடியலை. அத்தானோட வேலை பார்க்கிற தஞ்சாவூர்க்காரர் ஒருத்தர் மடியில உட்கார வச்சு, குத்துறவர் கையில இருந்த சின்ன வளையத்தைப் போட்டு முடிச்சுட்டாங்க. நான் போனப்போ குழந்தை அழுது ஓய்ஞ்சு தூங்கிக்கிட்டு இருந்தது. அக்கா என்னைத் திட்டுவான்னு பார்த்தேன், திட்டலை. "சாப்பிட்டியாடா?"ன்னு மட்டும் கேட்டா. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மொத்தக் கணக்கு: 20,400 + 9,200 + 380 + 2,000 = 31,980. நேரடி டிக்கெட் 24,300. நஷ்டம் 7,680. நேரம் பதினஞ்சு மணி. சராசரி வேகம் மணிக்கு 195 கிலோமீட்டர்.

ஊருக்கு வந்து, எங்கே தப்பு பண்ணேன்னு ஒரு எக்ஸெல் ஷீட் திறந்தேன். அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. கணக்குல தப்பே இல்ல! கனெக்‌ஷன் தவறினா கூடுதல் செலவு 11,580. பத்து தடவைக்கு ஒரு தடவை தவறும்னு வச்சா, சராசரியா ஒரு பயணத்துக்கு 1,158 ரூபாய். மிச்சம் ஆகிறது 3,900. மூணு தடவைக்கு ஒரு தடவை தவறினாக்கூட 3,860 தான். அப்பவும் மலிவு டிக்கெட்தான் நாற்பது ரூபாய் லாபம். எப்படிப் போட்டாலும் எக்ஸெல் அதைத்தான் எடுக்கச் சொல்லுது.

ஆனா சராசரி யாருக்கு வேலை செய்யும்? முப்பது தடவை போறவங்களுக்கு. சேல்ஸ் வேலையில மாசா மாசம் பறக்கிறவர் ஒரு தடவை 11,580 விட்டா, மிச்சத் தடவைகளில் பிடிச்சுடுவார். எனக்கு இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இதையே நான் மியூச்சுவல் ஃபண்ட் வீடியோவுல தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். பதினஞ்சு வருஷம் எஸ்ஐபி போடுறவன் ஸ்மால் கேப் போகலாம், அடுத்த மாசம் கட்ட வேண்டிய காலேஜ் ஃபீஸை அதுல போடாதேன்னு. தேதி குறிச்ச பணத்துக்கு ரிஸ்க் கூடாதுன்னு சொன்னவனே, தேதி குறிச்ச பயணத்தைக் கொண்டுபோய் ஸ்மால் கேப்ல போட்டிருக்கேன். சம்பளத்தை மணி நேரத்தால வகுக்கிற கணக்கு, காத்திருக்கிற நேரத்துக்குத்தான் விலை சொல்லும். தாமதமா போய்ச் சேர்றதோட விலையைச் சொல்லாது. ரெண்டும் வேற வேற.

இன்னொண்ணு இருக்கு, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது. நேரடி டிக்கெட் கூட எனக்குத் தேவைப்பட்டிருக்காது. அதே மலிவு டிக்கெட்டை வெள்ளிக்கிழமை ராத்திரிக்குப் போட்டிருந்தா, இதே மாதிரி எல்லாம் சொதப்பியிருந்தாலும், சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு அக்கா வீட்டுல சாப்பிட்டிருப்பேன். அந்தச் சனிக்கிழமை எங்க ஆஃபீஸ்ல வேலை நாள். ஒரு கேஷுவல் லீவு போட்டிருக்கணும். திங்கட்கிழமையும் லீவு கேட்டிருந்ததால மேனேஜர் முகம் சுளிப்பாரேன்னு போடலை. சம்பளப் பிடித்தம்னா கூட ஒரு நாளைக்கு 45,000-ஐ முப்பதால வகுத்து 1,500 ரூபாய்தான். எனக்கு அப்போ ஆறு கேஷுவல் லீவு பாக்கி இருந்தது. டிசம்பர் 31-க்கு ஆறும் காலாவதி ஆயிடுச்சு.

அதனால கனெக்‌ஷன் டிக்கெட்டே கூடாதுன்னு நான் சொல்லலை. திரும்பி வரும்போது அதே கோலாலம்பூர், அதே தனித்தனி டிக்கெட், ஒரு பிரச்சினையும் இல்ல. சென்னையில எனக்காக யாரும் நேரம் குறிச்சுக் காத்திருக்கலை, அவ்வளவுதான் வித்தியாசம். சுத்திப் பார்க்கப் போறீங்க, ஒரு நாள் முன்னப்பின்ன ஆனா பரவாயில்லன்னா தாராளமா போங்க. இன்டர்வியூ, கல்யாணம், வேலையில சேர்ற முதல் நாள், ஆஸ்பத்திரின்னா யோசிங்க.

புக் பண்றதுக்கு முன்னாடி சிலதைப் பார்த்துடுங்க. கனெக்‌ஷன் டிக்கெட் எடுத்தா, அது ஒரே பிஎன்ஆர்ல இருக்கான்னு பாருங்க. புக்கிங் சைட்டுல "செல்ஃப் டிரான்ஸ்ஃபர்"னு பொடி எழுத்துல இருந்தா, நான் பட்டதுதான் உங்களுக்கும். ஒரே பிஎன்ஆர்னா முதல் விமானம் லேட்டானாலும் அடுத்ததுல உங்களை ஏத்திவிடுறது அவங்க பொறுப்பு, சில நூறு ரூபாய் கூட இருந்தாலும் அதை எடுங்க. செல்ஃப் டிரான்ஸ்ஃபர்னா நடுவுல இருக்கிற நாட்டுக்குள்ள நுழையறீங்கன்னு அர்த்தம், விசா விதி பொருந்தும். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு விசா இல்லாம விட ஆரம்பிச்சாங்க. ஆனா போறதுக்கு முன்னாடி டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்பணும், விசா விதி இப்போ எப்படி இருக்குன்னும் ஒரு தடவை பார்த்துக்கணும். சிங்கப்பூருக்கு நமக்கு விசா கட்டாயம். அதோட எஸ்ஜி அரைவல் கார்டு, வந்து இறங்கிறதுக்கு மூணு நாளைக்குள்ள ஆன்லைன்ல போடணும். அது இலவசம். காசு கேட்கிற சைட் எதுவா இருந்தாலும் மூடிட்டு வந்துடுங்க. கோலாலம்பூர்ல ரெண்டு டெர்மினல் இருக்கு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நடந்து போற தூரம் இல்ல, ரயில் ஏறணும். உங்க ரெண்டு விமானமும் ஒரே டெர்மினலான்னு பார்த்துக்குங்க.

டிராவல் இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு சிலர் நினைக்கலாம். என்கிட்டயும் இருந்தது. மிஸ்டு கனெக்‌ஷன்னு அதுல ஒரு வரி இருந்தது, நிபந்தனை ரெண்டு பக்கத்துக்கு இருந்தது. ஐம்பது நிமிஷத் தாமதத்துக்கெல்லாம் அது அசையலை. பாலிசி வாங்குறப்போ எத்தனை மணி நேரத் தாமதத்துலேருந்து பணம் தருவாங்க, தனித்தனி டிக்கெட்டுக்கும் பொருந்துமான்னு அந்த ரெண்டை மட்டுமாவது படிங்க.

அப்புறம் தேதி. 12.20-க்கு விமானம், தேதி ஞாயிறுன்னு போட்டிருந்தா, நீங்க வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது சனிக்கிழமை ராத்திரி. இதுல ஒரு நாள் தவறவிட்டவங்க என் ஆஃபீஸ்லயே ரெண்டு பேர் இருக்காங்க, சத்தியமா.

டெல்டா மாவட்டத்துக்காரங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. திருச்சி – சிங்கப்பூர் சுமார் 2,980 கிலோமீட்டர், சென்னையை விட ஒரு 55 கிலோமீட்டர் அதிகம். டிக்கெட்டும் சில நாள் ஆயிரம் ரெண்டாயிரம் அதிகமா தெரியும். ஆனா தஞ்சாவூர்லேருந்து திருச்சி ஏர்போர்ட் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. சென்னை வர்றதுன்னா ஒரு ராத்திரி பஸ், பஸ் காசு, வந்து இறங்கி ஒரு குளியலுக்கு லாட்ஜ் வாடகை. ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் பார்க்காம வாசலுக்கு வாசல் போட்டுப் பாருங்க, பெரும்பாலும் திருச்சிதான் ஜெயிக்கும். கோவைக்காரங்களுக்கும் இதே கணக்குதான்.

அந்தத் தோடு அன்னைக்குச் சாயங்காலம் அக்கா வீட்டுல என் கையாலேயே குடுத்தேன். புண் ஆறினதும் போட்டுவிட்டு போட்டோ அனுப்பினா. இப்போ அக்காவுக்கு ரெண்டாவது, பையன். வர்ற மாசம் காதுகுத்து, அதே கோயில், ஞாயிற்றுக்கிழமை. நேத்து நேரடி விமானத்துல டிக்கெட் போட்டுட்டேன், வெள்ளிக்கிழமை ராத்திரி 11.30. ரெண்டு கேஷுவல் லீவும் அப்ரூவ் ஆயிடுச்சு. டிக்கெட்டை அக்காவுக்கு அனுப்பினேன். தேதியை ஜூம் பண்ணிப் பார்த்துட்டுத்தான் பதில் போட்டா: "சனிக்கிழமை காலை டிஃபனுக்கு இட்லியா, பூரியா?"